பதின்மூன்று கெஜம்

டாரன்ஸ் வீட்டுத் தோட்டச் சுவர் இருபது கெஜ நீளம், இரண்டு கெஜ உயரம். அதில் பதின்மூன்று கெஜத்துக்குக் கூழாங்கல் பதித்து முடித்திருந்தான் நினியன் மெக்ரீத். பதினான்காவது கெஜத்தில் ஈரக் கலவையைப் பூசிவிட்டு, அதன்மேல் ஒரு கல்லைக்கூட எறியாமல், சுவரடியில் விழுந்து செத்துப்போனான். அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. மீதிச் சுவருக்கு என்னென்ன வேண்டும் என்று கணக்குப் போட இன்றைக்குத்தான் அவன் தம்பி கில்பர்ட் வந்திருந்தான்.

இத்தனை நாள் இழுத்தடித்தது கில்பர்ட்தான். டாரன்ஸைக் குற்றம் சொல்ல முடியாது. கிர்வன் ஊரின் மருந்துக்கடைக்காரர் அவர், மெதுவாகப் பேசுகிற மனிதர். முதல் வாரம் "அவசரமே இல்ல, கில்பர்ட்" என்றார். இரண்டாம் வாரம் கடையில் பார்த்தபோது ஒன்றும் கேட்காமல் இருமல் மருந்தைக் கொடுத்தார். மூன்றாம் வாரம் அவர் மனைவி போன் செய்தாள். பாதிப் பூச்சோடு, ஆள் விழுந்த இடம் அப்படியே தெரிய, பெரிய தெருவைப் பார்த்து நிற்கிற சுவரை யார்தான் எத்தனை நாள் வைத்துக்கொண்டிருப்பார்கள்?

கிளம்புகிற நேரத்தில் நினியனின் மனைவி எல்ஸ்பெத் கில்பர்ட்டின் வாசலுக்கே வந்துவிட்டாள். முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிற வேலை அவளுக்கு. தினமும் இரண்டு தடவை அந்தச் சுவரைத் தாண்டித்தான் நடக்கிறாள்.

"மீதியை மட்டும் முடி கில்பர்ட். நினியன் செஞ்சதுல கை வைக்காதே."

"சரி."

"கல்லறைக்குக் கல்லு நட ஆறு மாசம் ஆகுமாம். மண்ணு இறங்கணுமாம். அதுவரைக்கும் போய் நிக்க எனக்கு என்ன இருக்கு? வெறும் புல்லு. அந்தச் சுவருதான் எனக்கு இருக்கு."

"கை வைக்கமாட்டேன்னுதானே சொல்றேன்."

அவளும் கில்பர்ட்டும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் முகத்தைப் பார்த்தே எதையும் கேட்டுவிடுவாள், அவனும் தரையைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவான். சவ அடக்கத்தில் பெட்டியை இறக்கும்போது தலைமாட்டுக் கயிறு யாருக்கு என்ற பேச்சு வந்தது. பிள்ளை இருந்தால் பிள்ளைக்குப் போகிற கயிறு அது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எல்ஸ்பெத் யோசிக்கவே இல்லை, "கில்பர்ட்" என்றாள். அந்தக் கயிறு கையில் அறுத்த இடம் ஆறிவிட்டது. ஆனாலும் பென்சிலைப் பிடிக்கும்போது கில்பர்ட்டுக்கு அந்த இடத்தில் எரிந்தது.

எரியத்தான் வேண்டும். நினியன் செத்த அன்றைக்குத் தான் எங்கே இருந்தான் என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு கதை சொல்லியிருந்தான். பக்கத்து ஊரான மேபோலில் ஒரு வேலையைப் பார்க்கப் போயிருந்தானாம். மேபோலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் உட்கார்ந்து புல்வெட்டியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் இரண்டு மூட்டைக் கல்லுக்காக. முந்தின நாள் சாயங்காலம் மதுக்கடையில் இதே சுவருக்குக் கணக்குப் போட்டார்கள். நாற்பது சதுர கெஜம். இரண்டரை சதுர கெஜத்துக்கு ஒரு மூட்டை. பதினாறு மூட்டை என்றான் நினியன். பதினெட்டு எழுது என்றான் கில்பர்ட். சிந்தும், சிதறும், கடைசியில் குறைந்தால் அடுத்த லோடு வேறு நிறத்தில் வந்து தொலைக்கும். நினியன் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தான். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னான்: "இவன் இருபத்தெட்டு வருஷமா ரெண்டு மூட்டை கூடத்தான் போடுறான். ஒண்ணு சுவருக்கு, ஒண்ணு பயத்துக்கு." எல்லோரும் சிரித்தார்கள். கில்பர்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவ்வளவு பெரிய கணக்கனா இருந்தா நாளைக்கு நீயே தனியாப் போய்ப் பூசிக்கோ." "பூசிக்கிறேன் போ" என்றான் நினியன். அவன் பதினாறுக்குத்தான் சொல்லி அனுப்பியிருந்தான்.

கில்பர்ட் ஒரேயடியாகப் போகாமல் இருக்க நினைக்கவில்லை. பத்து மணிக்குப் போகலாம், கொஞ்சம் வேர்க்கட்டும் என்று நினைத்தான். பத்து மணிக்கு, பன்னிரண்டுக்குப் போகலாம் என்று நினைத்தான். மதியத்துக்கு மேல், இனிமேல் போனால் மன்னிப்புக் கேட்கப் போன மாதிரி இருக்கும் என்று தோன்றிவிட்டது. ஐம்பது வயது ஆணின் ரோஷம் இப்படித்தான் இருக்கிறது, எட்டு வயதில் இருந்த அளவிலேயே.

கூழாங்கல் பூச்சு இரண்டு பேர் செய்கிற வேலை. அடிப்பூச்சு முந்தின வாரமே போட்டுக் கீறிக் காயவிட்டாயிற்று, அதை அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் போட்டார்கள். அதற்குமேல் விரல் கனத்துக்கு ஈரப்பூச்சு. ஒருவன் பூசிக்கொண்டே முன்னால் போவான். இன்னொருவன் பின்னாலேயே தகர அள்ளியில் கல்லை அள்ளி வீசிக்கொண்டு வருவான், வீசியதைக் கட்டையால் மெல்ல அழுத்துவான். ஈரம் இழுக்கிறதுக்குள் கல் உள்ளே போயிருக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் தையல் மாதிரி ஒரு கோடு விழும், பிறகு ஆயுசுக்கும் போகாது. மூலையிலோ தூணிலோ வேண்டுமானால் நிறுத்தலாம். டாரன்ஸின் சுவரில் மூலையும் இல்லை, தூணும் இல்லை. ஆரம்பித்தால் இருபதாவது கெஜத்தில்தான் கையை இறக்க முடியும். கிர்வனில் இந்த வேலை செய்கிறவர்கள் மதியச் சாப்பாட்டை ஒரு கையால் நின்றபடியே தின்பார்கள்.

கில்பர்ட் முதலில் மீதி ஏழு கெஜத்தைக் கணக்குப் போட்டான். பதினான்கு சதுர கெஜம். கல் ஆறு மூட்டை. சிமெண்டு ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் கால் டன். பழக்கத்தில் கல்லுக்கு எட்டு என்று எழுதப்போன கை நின்றது. பிறகு தோட்டக் கொட்டகையைத் திறந்து மிச்ச மூட்டைகளை எண்ணினான்.

நினியனின் கணக்குப்படி அங்கே ஐந்தரை இருக்க வேண்டும். நான்குதான் இருந்தது.

சொல்லவே கூசுகிறது, கில்பர்ட்டுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அப்போது நான் சொன்னதுதான் சரி, இவன் கணக்கும் உதைக்கும், என்று மனசுக்குள் ஒரு குரல் குதித்தது. அடுத்த கணமே, செத்தவனிடம் ஜெயிக்கிற தன் புத்தியை நினைத்துக் கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தினான். ஆனாலும் கேள்வி போகவில்லை. நினியன் கணக்கில் ஒன்றரை மூட்டை தப்பாது. அவன் வீசினால் கீழே விழுவதே கொஞ்சம்தான். விழுந்ததையும் ஒவ்வொரு கெஜம் முடிந்ததும் தார்ப்பாயை உதறி எடுத்துக் கழுவி மறுபடி வீசிவிடுவான்.

சுவரடிக்கு வந்து தார்ப்பாயைப் பார்த்தான். மூன்று வார மழையும் இலையும் சேறும் அதன்மேல் கிடந்தன. ஒதுக்கிப் பார்த்தான். முதல் ஏழு கெஜத்துக்குத் தார்ப்பாய் துடைத்தாற்போல இருந்தது. எட்டாவதில் கொஞ்சம் கல். ஒன்பதாவதிலிருந்து கை முங்குகிற ஆழத்துக்குக் கல். அள்ளவே இல்லை. நினியன் குனிந்து ஒரு கல்லைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை.

கில்பர்ட் கரணையைத் திருப்பிப் பிடித்து அதன் மரப்பிடியால் சுவரைத் தட்ட ஆரம்பித்தான். முதல் கெஜம் கிண் என்றது. இரண்டு, மூன்று, ஏழு வரைக்கும் அதே கிண். எட்டாவதில் சத்தம் மங்கியது. ஒன்பதில் டொப் என்றது. பத்தில் தட்டிய இடமெல்லாம் டொப் டொப் என்றது. மேல்பூச்சு அடிப்பூச்சைப் பிடிக்கவில்லை, உள்ளே காற்று நிற்கிறது. கரணையை உடம்பின் கனத்தோடு அழுத்திப் பூசினால் அப்படி ஆகாது. அழுத்த ஆளிடம் பலம் இருக்க வேண்டும்.

பதினொன்றாவது கெஜத்தில் சுவரின் மேல்விளிம்பிலிருந்து ஒரு அடிக்குக் கல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. இடுப்புக்குக் கீழே அப்பிக் கிடந்தது. கையைத் தூக்க முடியாதவன் வீசிய வீச்சு அது. பதின்மூன்றில் கில்பர்ட் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தான். கல் பொலபொலவென்று கொட்டியது. பாதி இறுகிய கலவையில் வீசியிருக்கிறான். ஒரு கெஜம் பூசிமுடிக்க அவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது, முதலில் பூசிய ஓரம் காய்ந்தே போயிருக்கிறது.

கடைசியாக, கல் படாத அந்தப் பதினான்காவது கெஜம். கரணை போன தடம் அதில் அப்படியே உறைந்திருந்தது. நினியனின் தடம் நீளமாக, கீழிருந்து மேலே ஒரே இழுப்பாக இருக்கும். இங்கே அரையடி, காலடியாகத் திட்டுத் திட்டாக இருந்தது. கலவைப் பலகையை இடது கையில் ஏந்தி, வலது கையால் பூச வேண்டும். இவன் பலகையைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் வாளியிலிருந்து நேராக எடுத்து அப்பியிருக்கிறான். இடது கை வேலை செய்யவில்லை.

மாரடைப்பு வந்தால் முதலில் இடது கைதான் போகும் என்று கில்பர்ட்டுக்குத் தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது? டாக்டர் எல்ஸ்பெத்திடம் சொன்னது வேறு. "விளக்கை அணைச்ச மாதிரி. அவருக்கே தெரிஞ்சிருக்காது." அந்த வார்த்தையைத்தான் அவள் வந்தவர் போனவரிடமெல்லாம் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கில்பர்ட்டும் ராத்தூக்கம் வராதபோது அதையே சொல்லிக்கொண்டான். சுவர் அப்படிச் சொல்லவில்லை. மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரைக்கும் கெஜம் கெஜமாகச் செத்திருக்கிறான். ஈரச் சுவரை விட்டு நகரத் தெரியாமல், தெருவைத் தெருவைப் பார்த்துக்கொண்டு.

மதியச் சாப்பாட்டுக்கு டாரன்ஸ் வீட்டுக்கு வந்தார். காரிலிருந்து இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரருகே வந்தார்.

"என்ன கில்பர்ட், எத்தனை மூட்டை சொல்லணும்?"

"மூட்டைக் கணக்கு இல்ல, மிஸ்டர் டாரன்ஸ். முழுசையும் உரிச்சு எடுத்துட்டு மறுபடி பூசணும்."

"முழுசுமா?"

"முன்பாதி நல்லாத்தான் இருக்கு. பின்பாதி பிடிக்கல. ரெண்டு பனிக்காலம் தாங்காது, பாளம் பாளமா விழும். முன்பாதியை மட்டும் வச்சுக்கிட்டாலும் ஒட்டுத் தெரியும்."

டாரன்ஸ் தொப்பியைச் சுழற்றினார். "செத்தவரைப் பத்திப் பேசக்கூடாது. ஆனா மெக்ரீத் பூசினா வீடு விழுந்தாலும் சுவரு நிக்கும்னு சொல்லித்தான் உங்களைக் கூப்பிட்டேன். அப்போ வேலை சரியில்லன்னுதானே அர்த்தம்?"

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். அவன் தனியாகச் செய்தான், நான் வரவில்லை. கில்பர்ட்டின் வாய் வரைக்கும் அது வந்தது.

"அன்னைக்கு அவன் வேலை சரியில்ல" என்றான்.

அண்ணன் பெயரை வைத்து இருபத்தெட்டு வருஷம் சோறு தின்றவன், அந்தப் பெயரையும் ஒரு நிமிஷத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டான். டாரன்ஸ் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஆனால் மருந்துக்கடையில் விழுந்த பேச்சு பொழுதுசாய்வதற்குள் துறைமுகம் வரைக்கும் போய்விடும். எல்ஸ்பெத் அதை ஒரு வெளியாளின் வாயால் கேட்கப்போகிறாள்.

கில்பர்ட் ஐந்து மணி நேரம் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து அவள் வீட்டுக்குப் போனான்.

அவள் சமையலறை மேசையில் நன்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தாள். மலர்வளையம் அனுப்பியவர்கள், கேக் சுட்டுக் கொண்டுவந்தவர்கள், கயிறு பிடித்தவர்கள் எல்லோருக்கும் ஒவ்வொன்று எழுத வேண்டும்.

"அளந்தாச்சா?"

"ஆச்சு."

"எப்ப ஆரம்பிக்கிற?"

"எல்ஸ்பெத், மீதியை மட்டும் முடிக்க முடியாது. எல்லாத்தையும் உடைக்கணும்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "நான் உன்கிட்ட காலையில என்ன கேட்டேன்?"

"தெரியும்."

"ஒண்ணே ஒண்ணு கேட்டேன். இந்தப் பெட்டிதான்னீங்க, சரின்னேன். இந்தப் பாட்டுதான்னீங்க, சரின்னேன். எதுக்காவது வாயைத் தொறந்தேனா? அந்த மருந்துக்கடைக்காரனுக்குக் கல்லு நிறம் ஒத்துவரலையாமா?"

"நிறம் இல்ல. பிடிக்கல. தட்டினா டொப்புங்குது."

அவள் சிரித்தேவிட்டாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "நினியன் சுவத்துலயா? போடா. உன் சுவத்துலன்னு சொல்லு, நம்புறேன்."

"அவன் தனியாப் பூசினான்."

"தெரியும். நீ மேபோல் போயிட்ட."

"போகல."

அடுப்பில் சூப் கொதித்தது. அவள் எழுந்து அதை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"வீட்டுல இருந்தேன்" என்றான் கில்பர்ட். "முந்தின நாள் கடையில சண்டை. நான் பதினெட்டு மூட்டைன்னேன், அவன் பதினாறுன்னான். எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணிட்டான். நீயே பூசிக்கோன்னு சொல்லிட்டு நான் போகல."

"ரெண்டு மூட்டைக்கா?"

"ரெண்டு மூட்டைக்கு."

"ரெண்டு மூட்டைக்கு" என்று அவளும் சொன்னாள். "நீ அங்க இருந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? டாக்டர்தான் சொன்னாரே, விளக்கை அணைச்ச..."

"டாக்டர் சுவத்தைப் பாக்கல, எல்ஸ்பெத்."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். கல் அள்ளாததை, மேலடியில் கல் இல்லாததை, பலகையைக் கீழே வைத்ததை. பாதியில் அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். கதவுக்குப் பின்னாலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"வந்து காட்டு."

ஜூன் மாத வெளிச்சம், ஏழு மணிக்கும் மத்தியானம்போல் இருந்தது. டாரன்ஸின் கார் வாசலில் நின்றது. எல்ஸ்பெத் அவன் கையிலிருந்த கரணையை வாங்கி, சுவரின் ஆரம்பத்திலிருந்து தானே தட்டிக்கொண்டு நடந்தாள். கிண் என்கிற வரைக்கும் அவள் முகத்தில் பெருமைகூட இருந்தது. சத்தம் மாறிய இடத்தில் நின்று இன்னொரு தடவை தட்டினாள். பிறகு கடைசி வரைக்கும் ஒவ்வொரு அடியாகத் தட்டினாள். பதின்மூன்றாவது கெஜத்தில் கல் கொட்டியபோது அதைக் கோட்டின் மடிப்பில் ஏந்தினாள்.

"எத்தனை மணி நேரம்?"

"எனக்கு எப்படி..."

"நீ கணக்குப் போடுறவன்தானே. போடு."

"எட்டு மணிக்கு ஆரம்பிச்சிருப்பான். நல்லா இருந்தவரைக்கும் வேகமாத்தான் வந்திருக்கான். கடைசி ஆறு கெஜம்... நாலரை மணி நேரம், அஞ்சுகூட இருக்கலாம்."

"உன் வீட்டுலேர்ந்து இங்க வர எவ்வளவு நேரம் ஆகும்?"

கில்பர்ட் குனிந்து தார்ப்பாயின் ஓரத்தை மடித்தான்.

"கேட்டேன்ல?"

"ஆறு நிமிஷம்."

"கார்லயா?"

"நடந்து."

அவள் அவனை அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மடிப்பிலிருந்த கல்லைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கேட்டாள், "டாரன்ஸ்கிட்ட என்னன்னு சொன்ன?"

"அன்னைக்கு அவன் வேலை சரியில்லன்னு."

"போ" என்றாள். "அந்தக் கதவைத் தட்டு. தட்டி, சரியாச் சொல்லு. மூணு வாரமா ஊரெல்லாம் சொன்னியே, அதையும் சேர்த்துச் சொல்லு. நான் இங்கதான் நிக்கிறேன்."

கில்பர்ட் போனான். டாரன்ஸ் சாப்பாட்டுத் துண்டைக் கழுத்தில் செருகியபடியே கதவைத் திறந்தார். கில்பர்ட் படியில் நின்று சொன்னான். என் அண்ணன் வேலையில் குற்றமில்லை. இரண்டு பேர் செய்கிற வேலையை, நெஞ்சு வலியோடு, ஒற்றை ஆளாகச் செய்தான். நான் மேபோலுக்குப் போகவில்லை, சண்டை போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று வாரமாகத் தூக்கிச் சுமந்தது ஒரு நிமிஷப் பேச்சுதான்.

டாரன்ஸ் கழுத்துத் துண்டை உருவினார். "இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?"

"கடையில பேச்சு வந்தா நீங்க சரியாச் சொல்லணும்."

"சொல்றேன்" என்றார் டாரன்ஸ். வழக்கமாக நீட்டுகிற கையை அவர் நீட்டவில்லை. சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

கில்பர்ட் திரும்பி வந்தபோது எல்ஸ்பெத் பூசிய பகுதியின் நடுவில், மேலிருந்து கீழே மயிரிழை கனத்துக்கு ஒரு கோடு ஓடுகிற இடத்தில் நின்றிருந்தாள். அதன்மேல் விரல் வைத்திருந்தாள். காலையில் அவனும் அந்தக் கோட்டைப் பார்த்திருந்தான், நினியன் தெருமுனை வரைக்கும் போய்த் தன்னைத் தேடியிருப்பான் என்று நினைத்திருந்தான்.

"இது என்ன?"

"இங்க நிறுத்தியிருக்கான். பத்து நிமிஷம் இருக்கும். ஏன்னு தெரியல. நினியன் நடுவுல நிறுத்தவே மாட்டான்."

"பன்னெண்டு மணிக்கு எந்த இடத்துல இருந்திருப்பான்?"

அவன் கணக்குப் போட்டான். ஒரு கெஜத்துக்கு அரை மணி, கொஞ்சம் கூட. "ஏழு முடிச்சிருப்பான். இங்கதான்."

"போன் பண்ணினான்" என்றாள் எல்ஸ்பெத்.

கில்பர்ட்டுக்கு முதலில் புரியவில்லை. அவள் தெருமுனையில் இருந்த சிவப்பு போன் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னைக்கு லீவு. வீட்டுலதான் இருந்தேன். கை மரத்துப்போகுது, நெஞ்சு என்னமோ பண்ணுது, கில்பர்ட் இன்னும் வரல, விட்டுட்டு வந்துடவான்னு கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஈரச் சுவத்தை விட்டுட்டா வருவே, நீதானே ஊருக்கெல்லாம் சொல்லுவே, கில்பர்ட் இப்ப வந்துடுவான், முடிச்சுட்டு வான்னேன். சரின்னான். இன்னும் ஏதோ சொல்ல வந்தான். அடுப்புல பால் இருந்துச்சு, நான் போனை வச்சுட்டேன்."

"எல்ஸ்பெத்..."

"டாக்டர் சொன்னதும், அப்பாடான்னு இருந்துச்சு. அவனுக்கே தெரியலையாம், அப்போ நான் சொன்னதுல ஒண்ணும் இல்லன்னு. அதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

கில்பர்ட் ஏதாவது ஆறுதல் சொல்ல நினைத்தான். தன் வாயிலிருந்து அது வந்தால் நாற்றமடிக்கும் என்று தெரிந்தது. தெருவில் ஒரு பஸ் போயிற்று, அதிலிருந்து யாரோ அவர்களுக்குக் கையசைத்தார்கள்.

"நாளைக்கு உடைக்க எத்தனை மணிக்கு வர?"

"ஏழு."

"இந்தக் கோடு வந்ததும் நிறுத்திடு" என்றாள் எல்ஸ்பெத். "இதுக்கு அப்புறம் நீ தொடாதே. எனக்கு உளியைப் பிடிக்க மட்டும் காட்டிக்குடு. இந்த ஆறு கெஜத்தை நான் உடைக்கிறேன்."